தாமான் வீட்டு முன் அறையில் ஒரு சிஸ்டம்/36: இப்படி ஒன்றை வேறு யாராவது வைத்திருந்தீர்களா?

கிராணி_மகள்:

பழைய கணினிகள் பற்றிய இந்தப் பகுதியில் கொமடோர் 64, ஆப்பிள் டூ குளோன், எக்ஸ்டி என்று எல்லாரும் எழுதியதைப் படித்துக்கொண்டே வந்தேன், எங்கள் வீட்டுக் கதையையும் போடலாம் என்று தோன்றியது. எங்களிடம் இருந்தது மேசைமேல் வைக்கிற வகை இல்லை. ஐபிஎம் சிஸ்டம்/36, மாடல் 5360, ஒரு ஆபீஸே பகிர்ந்து பயன்படுத்துகிற பெரிய கணினி. எடை 318 கிலோ. 1983இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் 140,000 டாலர் விலை. அது மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு மலிவு விலைத் தாமான் (வீடமைப்பு) வீட்டில், சாமி மேடைக்கும் சன்னலுக்கும் நடுவில் பல வருஷம் நின்றது. 2007இல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு வாயில் பழைய பெயர்தான் வருகிறது.

அப்பா கிராணி, அதாவது தோட்ட ஆபீஸ் எழுத்தர். ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக டவுனில் ஒரு குரூப் ஆபீஸ் இருந்தது, அங்கே வேலை. தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் போட்டது, ரப்பர் பால் ஸ்டோரில் நிறுத்து எழுதியது எல்லாம் செக்ரோல் என்கிற வருகை, சம்பளப் பதிவுப் புத்தகமாக அங்கே வந்து சேரும். பச்சை எழுத்துத் திரைகள் முன்னால் உட்கார்ந்து அதை அடிப்பார்கள், மாதக் கடைசியில் அந்தப் பெரிய பெட்டி கணக்குப் போட்டு எல்லாருக்கும் சம்பளச் சீட்டு அச்சடித்துத் தள்ளும். 1988இல் ஐபிஎம் ஏஎஸ்/400 வந்தது. கம்பெனியும் சில வருஷத்தில் கோலாலம்பூர் தலைமை ஆபீசில் அதை வாங்கிப் போட்டு, கணக்கு வேலையை எல்லாம் அங்கே இழுத்துக்கொண்டது. 36க்கு எழுதிய புரோகிராம்கள் 400இலும் ஓடும் என்பதால் அவர்களுக்கு அது பெரிய சிரமமாக இல்லை. மிஞ்சியது பெட்டி. பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுக்க வந்து நின்றார். அப்பா மானேஜரிடம் போய், அவர் தருகிற விலையை நானே தருகிறேன் என்று கேட்டு வாங்கிவிட்டார்.

செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியில் வந்து இறங்கியது. அடியில் சக்கரம் உண்டு, சமதரையில் தள்ளலாம், ஆனால் வாசற்படி இருக்கிறதே. கிரில் கதவைக் கழற்றி, பலகை போட்டு, லயத்துப் பையன்கள் எல்லாரும் சேர்ந்துதான் உள்ளே ஏற்றினார்கள். கூடவே இரண்டு டெர்மினல், ஒரு 5256 பிரிண்டர், சுருள் சுருளாக டுவினாக்ஸ் கேபிள், அப்புறம் 8 அங்குல டிஸ்கெட்டுகள் பெட்டி பெட்டியாக. அம்மா சோபா வாங்கக் கூட்டுச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார், சோபா வைக்க இடமில்லாமல் போனது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆயுத பூஜை வந்தபோது அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்து விளக்கு காட்டினார்.

கரண்டு ஒத்துப்போனதுதான் நல்லகாலம். அந்த மெஷின் ஓடுவது 208 அல்லது 240 வோல்ட்டில். அப்போது நம் வீடுகளுக்கு வந்ததும் 240. ஒயர்மேன் ஒருவர் தனி லைன் இழுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். சூடுதான் பெரிய பாடு. முன்பக்கம் ஐந்து சிவப்பு விளக்கு உண்டு: பவர், பிராசஸர், கன்சோல், வெப்பம், டிஸ்க். பகலில் போட்டால் வெப்ப விளக்கு எரிந்துவிடும், ஏர்கோன் நாங்கள் எங்கே போவது, அதனால் பொழுது சாய்ந்து சன்னல் எல்லாம் திறந்துவிட்டு, ஸ்டாண்ட் ஃபேன்களை அதன் பக்கம் திருப்பி வைத்த பிறகுதான் அப்பா கிளப்புவார். உள்ளே விசிறிகள் சுழல ஆரம்பித்தால் தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டில் யாரும் கோபப்பட்டது கிடையாது. பையன்கள் சன்னலுக்கு வெளியே நின்று விளக்குகளைப் பார்ப்பார்கள், உள்ளே வாங்கடா என்று அப்பா கூப்பிட்டு உட்கார வைப்பார்.

எனக்கு அதில்தான் ஆர்பிஜி டூ சொல்லிக் கொடுத்தார். வரி வரியாக, கட்டம் கட்டமாக எழுதும் மொழி அது. ஆறாவது கட்டத்தில் என்ன எழுத்து போடுகிறோம் என்பதை வைத்துத்தான் அந்த வரி எதற்கு என்றே தெரியும்: எஃப் என்றால் கோப்பு, ஐ என்றால் உள்ளே வருவது, சி என்றால் கணக்கு, ஓ என்றால் வெளியே போவது. ஒரு கட்டம் தள்ளிப்போனாலும் கதை கெட்டது. ஆனால் சம்பளக் கணக்குக்கு அதைவிட அழகான மொழி நான் இன்றுவரை பார்க்கவில்லை. தோட்டக் குறியீட்டுக்கு எல்1 என்கிற குறி போட்டு வைத்தால், பட்டியலில் அடுத்த தோட்டம் ஆரம்பிக்கிற இடத்தில் முந்தின தோட்டத்தின் கூட்டுத்தொகை தானாக விழும். நான் பின்னால் எத்தனையோ மொழி படித்து, அதில் வேலையும் பார்த்துவிட்டேன். தரவு எப்படி ஓடுகிறது என்று எனக்குப் புரிந்தது அந்த முன் அறையில்தான்.

வேறு யாராவது இவ்வளவு பெரியதை வீட்டில் வைத்திருந்தீர்களா? அப்புறம் அந்த டிஸ்கெட்டுகளைப் பற்றி ஒரு விஷயம் கேட்க வேண்டும், முதலில் உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

முன்னாள்_சர்வீஸ்காரர்:

அம்மா, படிக்கப் படிக்க எனக்குக் கையெல்லாம் பரபரத்தது. கிள்ளான், கோலசிலாங்கூர் பக்கம் சிஸ்டம்/34, சிஸ்டம்/36 இரண்டுக்கும் சர்வீஸ் பார்த்தவன் நான். 5360க்குள் பிராசஸர் இரண்டு வகை. ஒன்று உங்கள் புரோகிராமை ஓட்டும், இன்னொன்று டிஸ்க், பிரிண்டர், டெர்மினல் எல்லாவற்றையும் மேய்க்கும். நினைவகம் 128 கேபியில் ஆரம்பித்து 7 எம்பி வரை போகும். இன்றைக்கு ஒரு போட்டோவுக்கே அந்த இடம் போதாது, ஆனால் அதில் ஆபீசில் இருக்கிற எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வேலை செய்வார்கள், யாருக்கும் நின்று போகாது. திறமையாகச் செய்த சாமான்.

உங்கள் அப்பா பொழுது சாய்ந்து போட்டது ரொம்பச் சரி. தோட்ட ஆபீஸ்களில் தூசியும் ஈரமும் தான் எங்களுக்கு எதிரி. மரச் சன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள், பல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், ஃபில்டரைக் கழற்றினால் பால் ஸ்டோர் வாசனை வரும்.

ஒரு கேள்வி. உங்களுடையதில் டிஸ்கெட் ஒன்று ஒன்றாகப் போடும் வாயா, இல்லை பத்து டிஸ்கெட் அடுக்கிய மேகசின் போடுகிற வகையா?

கிராணி_மகள்:

மேகசின் வகை ஐயா. அப்பா ஒவ்வொரு மேகசினிலும் தோட்டத்தின் பெயரும் வருஷமும் பேனாவால் எழுதி ஒட்டியிருப்பார்.

ஈஜோக்_எக்ஸ்டி:

318 கிலோ எல்லாம் எங்களால் நினைத்துப் பார்க்க முடியாது அக்கா. எங்கள் பெரியப்பாவிடம் காம்பாக் போர்ட்டபிள் இருந்தது, 1983இல் வந்த முதல் மாடல். பேர்தான் போர்ட்டபிள், கிட்டத்தட்ட 13 கிலோ, தையல் மெஷின் பெட்டி அளவு, 9 அங்குலத் திரை. நில அளவை வேலைக்காகத் தோட்டம் தோட்டமாக ஜீப்பில் தூக்கிக்கொண்டு போவார். தோட்டத்து ஜெனரேட்டர் ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்குமேல் நின்றுவிடும், அதற்குள் லோட்டஸ் 1-2-3இல் கணக்கை முடிக்க வேண்டும். அவர் இறந்தபிறகு என்னிடம் வந்தது. திரை நன்றாக வருகிறது, கீபோர்டுதான் போச்சு. அந்தக் காலத்துக் காம்பாக்கில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு சின்ன ஃபோம் வட்டு உண்டு, அது காலப்போக்கில் பொடியாக உதிர்ந்துவிடும். வெளிநாட்டில் புதிதாக வெட்டி விற்கிறார்கள், வாங்கி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

எக்ஸ்டி தனிக் கதை. இம்பி பிளாசாவில் வாங்கிய குளோன், அதையும் வைத்திருக்கிறேன். பெர்ஜுந்தைக்கு நம் ஊர் பக்கம்தானே, சொல்லியிருந்தால் அப்போதே வந்து பார்த்திருப்பேன்.

ஒட்டுப்பால்:

எல்லாரும் ஆசையாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அம்மா பால் மரம் வெட்டினவர். எங்களுக்கு அந்த மெஷின் என்றால் மாதக் கடைசியில் வருகிற ஒரு நீளச் சீட்டு. எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, தமிழ்ப்பள்ளியில் நாலாவது படித்த எனக்கும் பாதி புரியாது. இவ்வளவு பால் எடுத்தேனே, ஏன் இவ்வளவுதான் வந்திருக்கிறது என்று கேட்டால் ஆபீசில் ஒரே பதில், கம்ப்யூட்டர் அப்படித்தான் போட்டிருக்கிறது. அதற்கு முன்னால் கிராணியிடம் கேட்கலாம், மண்டோரிடம் சண்டை போடலாம். மெஷினிடம் என்ன பேசுவது?

மழை பெய்த நாளில் பாலில் தண்ணி கலந்துவிட்டது என்று மெட்ரோலாக் என்கிற அளவு கருவியைப் போட்டு டிஆர்சியை (பாலில் இருக்கும் காய்ந்த ரப்பரின் அளவை) குறைத்து எழுதுவார்கள். குறைத்தது மனுஷன், பழி போட்டது மெஷின் மேல். அந்தப் பெட்டியை வீட்டில் கொண்டுவந்து பொட்டு வைத்துக் கும்பிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிராணி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ஞாபகம், வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வேறு ஞாபகம்.

முன்னாள்_சர்வீஸ்காரர்:

தம்பி சொல்வது உண்மை. நாங்கள் பழுது பார்க்கப் போகும்போதே ஆபீஸ் வாசலில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். எங்களைக் கண்டதும் கணக்கு சொல்ல வந்த ஆள் என்று நினைத்து ஓடி வருவார்கள். ஒரு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். கையால் எழுதின காலத்தில் சீட்டில் மொத்தத் தொகை மட்டும்தான் இருந்த தோட்டங்கள் உண்டு. மெஷின் வந்தபிறகு பால் எடை, டிஆர்சி, ஒட்டுப்பால், சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), சங்கச் சந்தா எல்லாம் தனித்தனியாக வந்தது. தொழிலாளர் சங்கத்துப் பொறுப்பாளர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வரிக்கு வரி கேள்வி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கிராணி_மகள்:

ஒட்டுப்பால் அண்ணே, நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அப்பாவுக்கும் அது தெரியும். அவர் ஏன் அந்தப் பெட்டியை வாங்கினார் என்று முதல் பதிவில் நான் எழுதவில்லை, இப்போது எழுதிவிடுகிறேன்.

ஆபீஸ் மூடியபோது டிஸ்கெட்டுகளையும் எடைக்குப் போடச் சொல்லிவிட்டார்கள். அதில் சுற்றியிருந்த தோட்டங்களில் வேலை செய்த அத்தனை பேரின் பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், வேலைக்குச் சேர்ந்த தேதி, மாதா மாதம் வாங்கிய சம்பளம் எல்லாம் இருந்தது. காகிதச் செக்ரோலைக் கரையான் தின்றுவிட்டது, பாதியை எரித்தும் விட்டார்கள். டிஸ்கெட்டை மட்டும் வாங்கி என்ன செய்வது, 8 அங்குல டிஸ்கெட்டைப் படிக்க ஊரில் வேறு மெஷின் எங்கே இருந்தது? அதனால்தான் பெட்டியையும் சேர்த்து வாங்கினார். ஆட்களின் கணக்கு இதில் இருக்கிறது, குப்பையில் போடக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னாராம். அம்மா பொட்டு வைத்தது அதற்காகத்தான். அம்மாவின் அம்மாவும் பால் மரம் வெட்டினவர்தான் அண்ணே.

அப்புறம் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. ரப்பரை வெட்டி செம்பனை போட்டார்கள், செம்பனையை வெட்டி வீடமைப்பு வந்தது. ஆட்களை நிறுத்தும்போது கொடுக்க வேண்டிய தொகை எத்தனை வருஷம் வேலை செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. 1980ஆம் ஆண்டு வந்த வேலைநீக்க நன்மை விதிமுறைப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் என்றால் 15 நாள், ஐந்துக்கு மேல் என்றால் 20 நாள். சேர்ந்த வருஷத்தைக் குறைத்துக் காட்டினால் எவ்வளவு போகும் என்று நீங்களே பாருங்கள். எங்கள் பக்கம் ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், புதிதாக வாங்கினவர்கள் தாங்கள் வாங்கிய வருஷத்திலிருந்துதான் கணக்கு வைப்போம் என்றார்கள். பழைய ஆட்கள் முப்பது வருஷம் என்று வாயால் சொன்னால் எங்கே காகிதம் என்று கேட்டார்கள்.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டு முன் அறை ஆபீஸ் மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் ஆனால் மோட்டார்சைக்கிளில், சைக்கிளில், நடந்து எல்லாம் வருவார்கள். அம்மா காப்பி கலந்து கொடுப்பார், நான் ஐசியைப் பார்த்து டெர்மினலில் நம்பரை அடிப்பேன், அப்பா சரியான மேகசினை எடுத்துப் போடுவார். 5256 தடதடவென்று அடிக்கும். ஒரு ஆளுக்கு ஒரு தாள். சேர்ந்த தேதி மேலே, வருஷ வாரியாகச் சம்பளம் கீழே. ஓய்வு பெற்ற பெரிய கிராணியார் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, இது குரூப் ஆபீஸ் பதிவுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். கம்பெனி முத்திரை இல்லை என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஆட்கள் வைத்திருந்த பழைய சம்பளச் சீட்டுகளோடு ஒத்துப் பார்த்தார்கள், காசுவரை ஒத்துப்போனது. அப்புறம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், நிறையப் பேருக்குக் கிடைத்தது.

தமிழ்ப்பள்ளி_டீச்சர்:

கிராணி_மகள், இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேருக்கு இதே சிக்கல். பெயர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. லெட்சுமி என்கிற ஒரே பெயரை ஐசியில் ஒரு விதமாகவும் சேமநிதியில் ஒரு விதமாகவும் செக்ரோலில் இன்னொரு விதமாகவும் ரோமன் எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்தக் காலத்து டெர்மினலில் தமிழ் வராது. முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார், ஆனால் அது மேசைக் கணினிக்கு, தோட்டத்துச் சம்பள மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் பெயரை வைத்துத் தேடாமல் ஐசி நம்பரை வைத்துத் தேடியது நல்ல வேலை. ஆனால் 1990இல் 12 இலக்கப் புது ஐசி நம்பர் வந்துவிட்டதே, உங்கள் டிஸ்கெட்டில் இருப்பது பழைய 7 இலக்க நம்பராகத்தானே இருக்கும்? எப்படி ஒத்துப் பார்த்தீர்கள்?

கிராணி_மகள்:

ஆமாம் டீச்சர், பழைய நம்பர்தான். பெரும்பாலானவர்கள் பழைய ஐசியின் நகலையோ பழைய சேமநிதிக் காகிதத்தையோ தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அது இல்லாதவர்களுக்கு மண்டோர் யார், எந்த டிவிஷன், எந்த வருஷம் என்று கேட்டு, அந்த மாதப் பட்டியலை முழுக்க ஓடவிட்டு, முன்னும் பின்னும் இருக்கும் பெயர்களை வைத்து அப்பா கண்டுபிடிப்பார். இவளுக்கு அடுத்த நிரை யார் வெட்டியது என்று கேட்டால் பாட்டிகள் டக்கென்று சொல்லிவிடுவார்கள்.

ஒட்டுப்பால்:

தங்கச்சி, நான் எழுதியதை அழிக்கவில்லை, அதுவும் நடந்ததுதான், இருக்கட்டும். ஆனால் உங்கள் அப்பா செய்தது பெரிய காரியம். எங்கள் தோட்டம் உங்கள் குரூப்பில்தான் இருந்தது என்று நினைக்கிறேன், பெர்ஜுந்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம். அம்மாவுக்கு அந்தத் தொகை கிடைக்கவே இல்லை. நாங்கள் அதற்குள் கிள்ளானுக்கு வந்துவிட்டோம், உங்கள் வீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பணத்துக்காக இப்போது கேட்கவில்லை, அம்மா காலமாகிவிட்டார். எந்த வருஷம் பேர் பதிந்தார் என்று எங்களுக்கே தெரியாது. பதினாலு வயசில் என்று அம்மா சொல்வார், பதினாறு என்று மாமா சொல்வார். அந்த டிஸ்கெட்டுகள் இன்னும் இருக்கின்றனவா?

கிராணி_மகள்:

இருக்கின்றன அண்ணே. நான் கேட்க வந்ததும் அதைத்தான்.

பெட்டி இப்போது இல்லை. உள்ளே இருந்த டிஸ்க் ஒருநாள் சத்தம் மாறி நின்றுவிட்டது, சிவப்பு விளக்கு எரிந்தது, அதற்கு உதிரி கிடைக்கிற காலமும் போய்விட்டது. ஜாலான் பசார் கடைகளில் எல்லாம் அப்பா விசாரித்துப் பார்த்தார், அங்கே டிவி, ரேடியோ, சின்னக் கம்ப்யூட்டர் உதிரிகள் கிடைக்கும், இதற்கு எங்கே கிடைக்கும்? அப்பா காலமான பிறகு தம்பிக்குக் கல்யாணம் ஆகி வீட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினோம், அப்போது பெட்டி பழைய இரும்புக்கே போனது. முன்பக்கப் பலகையும் ஒரு டெர்மினலும் என்னிடம் இருக்கின்றன. மேகசின்களையும் தனி டிஸ்கெட்டுகளையும் அப்பா சொன்னபடி பிஸ்கட் டின்களில் போட்டு மாடியில் வைத்திருக்கிறேன். சிலவற்றில் பூஞ்சணம் வெள்ளையாகத் தெரிகிறது. இதை இன்று யாராலாவது படிக்க முடியுமா? எங்கே போய்க் கேட்பது என்றே தெரியவில்லை.

முன்னாள்_சர்வீஸ்காரர்:

முடியும் அம்மா. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பூஞ்சணம் பிடித்ததை எந்த டிரைவிலும் அப்படியே போடக் கூடாது. தலைப்பகுதியில் அது ஒட்டிக்கொண்டு, சுழலச் சுழல அந்த டிஸ்கெட்டையும் சுரண்டிவிடும், அடுத்துப் போடுகிற நல்ல டிஸ்கெட்டையும் கெடுக்கும். உறையின் ஓரத்தை மெல்லப் பிரித்து, உள்ளே இருக்கும் வட்டை வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, காய்ந்தபிறகு சுத்தமான வேறு உறைக்குள் போட்டுப் படிக்க வேண்டும். வெயிலில் காயவைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு இப்போதே டின்னுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மூடிவையுங்கள்.

அடுத்தது டிரைவ். 8 அங்குல டிரைவ் பழைய சாமான் விற்கும் இடங்களில் இன்னும் கிடைக்கிறது. ஷூகார்ட் எஸ்ஏ800 மாதிரி பழையவற்றில் தட்டைச் சுழற்றுவது நேராக ஏசி மின்சாரத்தில் ஓடும் மோட்டார். அமெரிக்காவிலிருந்து வாங்கினால் அது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நமக்கு 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் வைத்துச் சரிசெய்துவிடலாம், சுழல் வேகம் சரியாகாது, நிமிஷத்துக்கு 360 சுற்று வர வேண்டியது 300தான் வரும். அதற்கு 50 ஹெர்ட்ஸ் புல்லியும் பெல்ட்டும் மாற்ற வேண்டும். முழுக்க டிசியில் ஓடும் பிந்தைய மாடல் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை, 24 வோல்ட், 5 வோல்ட் சப்ளை கொடுத்தால் போதும். ஒருபக்க டிஸ்கெட், இருபக்க டிஸ்கெட் இரண்டும் உங்களிடம் கலந்து இருக்கும், அதனால் இருபக்கம் படிக்கிற டிரைவாகத் தேடுங்கள்.

படித்தபிறகும் உடனே எழுத்து தெரியாது. ஐபிஎம் பெரிய மெஷின்களில் எழுத்துகளைக் குறிக்க நம் கணினிகளில் இருக்கிற ஆஸ்கி முறை கிடையாது, எப்சிடிக் என்கிற வேறு குறியீட்டு முறை. நம் கணினியில் திறந்தால் எல்லாம் குப்பையாகத் தெரியும், பயப்பட வேண்டாம், பெயர்களையும் தேதிகளையும் மாற்றுவது நிமிஷ வேலை. சம்பளத் தொகைதான் பேக்டு டெசிமலாக இருக்கும், ஒரு பைட்டுக்குள் இரண்டு இலக்கம். அதைச் சும்மா எழுத்து மாற்றினால் கெட்டுவிடும், எந்த இடத்தில் தொகை ஆரம்பிக்கிறது என்று தெரிந்து பிரிக்க வேண்டும். உங்கள் அப்பா எழுதிய ஆர்பிஜி புரோகிராமின் ஐ வரிகள் காகிதத்தில் எங்காவது இருக்கிறதா? அது கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒவ்வொரு விவரமும் எந்தக் கட்டத்தில் ஆரம்பித்து எதில் முடிகிறது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

ஈஜோக்_எக்ஸ்டி:

டிரைவிலிருந்து நம் லேப்டாப்புக்குக் கொண்டுவர என்னிடம் கிரீஸ்வீசல் போர்டு இருக்கிறது. யூஎஸ்பியில் மாட்டுகிற சின்ன போர்டு, டிஸ்கெட்டில் இருக்கிற காந்த மாற்றங்களை அப்படியே பதிந்துகொள்ளும், எந்த வடிவம் என்று பிறகு உட்கார்ந்து பிரித்துக்கொள்ளலாம். எக்ஸ்டியின் பழைய டிஸ்கெட்டுகளை எல்லாம் அதில்தான் எடுத்தேன். 8 அங்குல டிரைவில் 50 பின், போர்டில் 34 பின், நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும், வாங்கிவிடலாம். ஒரு தடவை படித்தாலே வட்டு தேயக்கூடும் என்கிற நிலையில் இருப்பதற்கு இந்த முறைதான் நல்லது, திரும்பத் திரும்பப் போட்டு ஓட்ட வேண்டியதில்லை. ஐயாவும் கூட இருந்தால் நான் தைரியமாகச் செய்வேன்.

தமிழ்ப்பள்ளி_டீச்சர்:

செய்யுங்கள், ஒரே ஒரு வேண்டுகோள். எடுத்ததை அப்படியே இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். அதில் ஐசி நம்பர் இருக்கிறது, யார் எவ்வளவு கடன் பிடித்தம் வைத்திருந்தார் என்பதுகூட இருக்கும். உயிரோடு இருப்பவர்கள் நிறையப் பேர். கேட்டு வருகிற குடும்பத்துக்கு அவர்களுடைய தாளை மட்டும் கொடுங்கள், உங்கள் அப்பா செய்த மாதிரியே. தோட்டத்தின் பெயர், எந்த வருஷம் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்கிற அளவுக்கு வேண்டுமானால் பொதுவில் போடலாம், அந்தத் தோட்டங்கள் இருந்ததற்கே வேறு பதிவு குறைந்துகொண்டு வருகிறது.

கிராணி_மகள்:

டீச்சர் சொன்னபடியே செய்வோம், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

ஐயா, ஐ வரிகள் கிடைத்துவிட்டன! அப்பாவின் பழைய ஃபைலில் ஆர்பிஜி கோடிங் தாள்களே இருக்கின்றன, பென்சிலில் எழுதியது, செக்ரோல் மாஸ்டர் கோப்பு முழுக்க. ஐசி நம்பர், தோட்டக் குறியீடு, டிவிஷன், சேர்ந்த தேதி எல்லாம் எந்தக் கட்டம் என்று தெளிவாக இருக்கிறது. படம் எடுத்துத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். சிலிக்கா ஜெல்லும் வாங்கிப் போட்டுவிட்டேன்.

முன்னாள்_சர்வீஸ்காரர்:

படம் வந்தது. என்ன சுத்தமான கையெழுத்து. சேர்ந்த தேதி பேக்டு இல்லை, சாதாரண இலக்கமாகவே வைத்திருக்கிறார், அதனால் அதைப் படிப்பது சுலபம். பினாங்கில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் டிசி டிரைவ் ஒன்று இருக்கிறது, இருபக்கம் படிக்கும். பேசிவிட்டேன், தருகிறார். ஈஜோக் தம்பி, அடாப்டரை நீங்கள் ஆர்டர் செய்துவிடுங்கள், காசை நாம் பிரித்துக்கொள்வோம். முதலில் பூஞ்சணம் இல்லாத, அவ்வளவாகத் தேவைப்படாத ஒரு டிஸ்கெட்டில் சோதித்துப் பார்ப்போம், அது நன்றாக வந்தால்தான் மற்றதைத் தொடுவோம்.

ஒட்டுப்பால்:

என் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரைவைப் பினாங்கிலிருந்து நானே எடுத்துவருகிறேன், என்னுடையது வேன், குலுங்காமல் கொண்டுவரலாம். அம்மாவின் பழைய சேமநிதிக் காகிதம் அக்காவிடம் இருக்கிறது, 7 இலக்க நம்பர் அதில் தெளிவாகத் தெரிகிறது, தங்கச்சிக்குத் தனியாக அனுப்பிவிட்டேன்.

கிராணி_மகள்:

நம்பர் கிடைத்தது அண்ணே. உங்கள் தோட்டத்துக்கு மூன்று மேகசின் இருக்கின்றன, மூன்றிலும் பூஞ்சணம் இல்லை. அவற்றைத் தனி டின்னில் எடுத்து வைத்துவிட்டேன். அடாப்டர் வந்ததும் தேதி சொல்லுங்கள், எல்லாரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள், மத்தியானச் சாப்பாடு இங்கேதான்.